தையல் கேள்வி – பதில்: சுருக்குப்பையின் வாய் கிழியாமல் இருக்க

சென்ற இதழில் சுருக்குப்பை வெட்டும் அளவுகளைத் தந்திருந்தோம். அதன் பிறகு மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் வந்த கடிதங்கள் ஏறக்குறைய எல்லாமே ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன: நாடா வெளியே வரும் வாய். ஆகவே இந்த இதழின் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டிக்குப் பருத்திச் சீலையில் இரண்டு பக்கமும் நாடா இழுக்கிற பை தைத்தேன். இரண்டு மாதத்தில் நாடா வெளியே வரும் இடத்தில் பக்கத் தையல் பிரிந்து கீழே ஓடிவிட்டது. அந்த இடத்தை மேலே சேர்த்துத் தைத்தால் நாடா ஓடுதில்லை. வீட்டில் இருப்பது நேர்த்தையல் மட்டும் போடும் பழைய கால்மெஷின்.
— வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: மெஷினில் குறை இல்லை. நாடாவை இழுக்கும் ஒவ்வொரு முறையும் முன் சீலையும் பின் சீலையும் எதிர்ப் பக்கங்களுக்கு இழுபடுகின்றன. அந்த இழுவை பக்கத் தையல் முடிகிற கடைசி இரண்டு மூன்று தையல்களில் வந்து விழுகிறது. முதலாவது அறுந்தால் அடுத்தது, அது அறுந்தால் அதற்கடுத்தது. பிரிந்த பிறகு மேலே சேர்த்துத் தைத்தால் நாடாவின் வழி அடைபடும், ஆனால் இழுவை குறையாது. பலத்தை மடிப்பு மடிக்க முன்பே வைக்க வேண்டும். மடித்த பிறகு அந்த மூலைக்குள் மெஷினின் பாதம் ஒழுங்காக இறங்காது.

மறுபடி தைப்பதென்றால் இப்படிச் செய்யுங்கள். 28 சென்ரிமீற்றர் அகலம், 36 சென்ரிமீற்றர் உயரத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள். வெட்ட முன் சீலையை நனைத்துக் காயவைத்து அயன் பண்ணியிருக்க வேண்டும். தையல் ஓரம் பக்கங்களுக்கு 1.5 சென்ரிமீற்றர், அடிக்கு 1 சென்ரிமீற்றர். இரண்டு பக்கமும் மேல் விளிம்பிலிருந்து 7 சென்ரிமீற்றர் கீழே சோக்கால் குறியிடுங்கள். ஒரு பக்கத்துக் குறியில் தொடங்கி, கீழே இறங்கி, அடியைத் தைத்து, மற்றப் பக்கத்துக் குறியில் முடியுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் நான்கு தையல் பின்னுக்கு வரட்டும்.

இனித்தான் முக்கியமான வேலை. தையல் ஓரத்தை இரண்டு பக்கமாக விரித்து அயன் பண்ணுங்கள். குறிக்கு மேலே திறந்திருக்கும் பகுதியில் ஓரத்தின் அறுந்த விளிம்பைப் பாதியளவு உள்ளே மடித்து அதையும் அழுத்துங்கள். 2 சென்ரிமீற்றர் அகலமான பருத்தி நாடாவில் 4 சென்ரிமீற்றர் துண்டொன்றை வெட்டி, இரு முனையையும் அரைச் சென்ரிமீற்றர் மடித்து, குறிக்குச் சற்றுக் கீழே, உட்பக்கமாக, தையலுக்குக் குறுக்கே வைத்துக் கையால் பொட்டுப்பொட்டாகக் கட்டிக்கொள்ளுங்கள். பிறகு மெஷினில் திறப்பின் ஒரு பக்கமாக மேலிருந்து கீழே வந்து, குறிக்கு 5 மில்லிமீற்றர் கீழே அந்த நாடாத் துண்டின் மேலாகக் குறுக்கே போய், மற்றப் பக்கமாக மேலே ஏறுங்கள். பார்க்க 'ப' எழுத்துப் போல இருக்கும். குறுக்குக் கோட்டை மட்டும் ஐந்து தரம் தைக்க வேண்டும். இழுவையை இனிமேல் தாங்கப்போவது அந்த ஐந்து வரியும் அதற்கடியில் உள்ள நாடாத் துண்டும்தான்.

பின்தையல் லீவர் இல்லாத மெஷினில், கோட்டின் முடிவில் ஊசியைச் சீலைக்குள் இறக்கிவிட்டுப் பாதத்தைத் தூக்கி, பையை அரைவட்டம் திருப்பி, பாதத்தை இறக்கித் திரும்பத் தையுங்கள். ஊசி சீலைக்குள் இருந்தால் கோடு விலகாது.

கடைசியாக மேல் விளிம்பை 1 சென்ரிமீற்றரும், பிறகு 2.5 சென்ரிமீற்றரும் உள்ளே மடித்து, மடிப்பின் கீழ் விளிம்பிலிருந்து 2 மில்லிமீற்றர் உள்ளே தையுங்கள். முன் பக்கமும் பின் பக்கமும் தனித்தனிக் கோடுகள். சுற்றி ஒரே மூச்சில் தைத்தால் வாய் அடைபட்டுவிடும். இந்தக் கோடு குறிக்கு ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்று மேலே வந்து நிற்கும். அந்த இடைவெளி வேண்டும். நாடா அதில்தான் வளைந்து வெளியே வரும்.

நாடா ஒவ்வொன்றும் 70 சென்ரிமீற்றர்: பையின் அகலம் 25, அதன் இரட்டிப்பு 50, முடிச்சுக்கும் பிடிக்கும் 20. ஒரு நாடா இடப்பக்க வாயால் நுழைந்து சுற்றிவந்து இடப்பக்கத்திலேயே வெளியே வர வேண்டும், மற்றது வலப்பக்கத்தில். இரண்டையும் ஒரே நேரத்தில் எதிரெதிராக இழுத்தால் வாய் சரியாகச் சுருங்கும்.

பிரிந்துபோன பழைய பையைக் காப்பாற்றலாம். தையல் மட்டும் பிரிந்திருந்தால், நாடா மடிப்பை வாயின் இரு பக்கமும் 4 சென்ரிமீற்றர் நீளத்துக்குப் பிரித்து, நாடாத் துண்டு வைத்து மேலே சொன்னபடி தையுங்கள். சீலையே கிழிந்திருந்தால் கிழிந்த மடிப்பை வெட்டிவிட்டு, கீழே சம்மாந்துறை வாசகருக்குச் சொல்லும் தனிப்பட்டி முறைக்கு மாறுங்கள்.

நூலைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண பொலியஸ்டர் தையல் நூல் போதும். பருத்தி நூல் ஈரத்தில் கிடந்து கிடந்து உக்கிவிடும். பலமாக இருக்கட்டுமென்று சிலர் மீன்வலைத் தங்கூசியால் கையால் இறுக்கித் தைப்பதுண்டு. அது அறாது, உண்மைதான். ஆனால் இழுபடும்போது பருத்திச் சீலையைக் கத்தி போல அறுத்துவிடும். நூல் அறுந்தால் ஐந்து நிமிட வேலை, சீலை அறுந்தால் பை போய்விடும்.

கேள்வி: தொழுகை உடுப்பு வைக்க சட்டின் துணியில் பை தைத்தேன். அழகாக இருக்கிறது, ஆனால் இழுத்து மூடினால் ஐந்து நிமிடத்தில் வாய் தானாகத் திறந்துவிடுகிறது.
— வாசகி, காத்தான்குடி

பதில்: வழுக்கும் துணியில் வழுக்கும் நைலோன் கயிறு போட்டால் அதைப் பிடித்து நிறுத்த எதுவுமில்லை. கயிற்றை 4 மில்லிமீற்றர் பருத்திப் பின்னல் கயிறாக மாற்றிப் பாருங்கள். பாதிக் குறை அதிலேயே தீரும். மீதிக்கு ஒரு மர மணி. இரண்டு கயிற்றையும் சேர்த்து ஒரே ஓட்டைக்குள் கோர்க்க வேண்டும். ஓட்டை 6 மில்லிமீற்றர் அளவில், கயிறு நெருக்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்கட்டும். தளர்வாக ஓடினால் மணி அலங்காரத்துக்கு மட்டும்தான் உதவும். ஸ்பிரிங் வைத்த பிளாஸ்டிக் ஸ்டொப்பரும் நல்லதே, ஆனால் தொழுகைப் பை அடிக்கடி துவைக்கிற பை. மணிக்குத் துருப்பிடிக்கிற உறுப்பு இல்லை.

சட்டினில் இன்னொரு தொல்லையும் உண்டு. தையல் அறாமலே இழைகள் விலகி, தையலோரம் ஏணி போல இடைவெளி விழும். அதனால் பக்கத் தையலை 5 மில்லிமீற்றர் இடைவெளியில் இரண்டு வரியாகப் போடுங்கள். ஊசி 11ஆம் நம்பர், புதிதாக. மழுங்கிய ஊசி இழையை இழுத்துவிடும். நாடா ஓடும் மடிப்பை மட்டும் மெல்லிய பருத்தித் துணியில் தனியாக வெட்டிச் சேர்த்தால், கயிற்றுக்குப் பிடி கிடைக்கும், சட்டினும் உரசித் தேயாது.

கேள்வி: கைத்தறிச் சாரம் வெட்டி மிஞ்சிய துண்டுகள் நிறைய உண்டு. அதில் பை தைத்தால் ஓரம் நூல் நூலாகப் பிரிகிறது. நாடாவையும் அதே துணியில் செய்யலாமா?
— வாசகர், மருதமுனை

பதில்: தாராளமாகச் செய்யலாம், கைத்தறித் துண்டுக்கு இதைவிட நல்ல பயன் இல்லை. ஓரம் பிரிவதற்குக் காரணம் நெசவின் நெருக்கம். கைத்தறியில் இழைகள் சற்று இளக்கமாக நிற்கும். முதலில் துண்டை நீரில் ஊறவைத்து அலசிக் காயவிடுங்கள். சுருங்கி இழைகள் நெருங்கும். அடர்நிறத் துண்டுகளைத் தனியாக அலசி, நீர் தெளிந்த பிறகே வெளிர்நிறத்தோடு சேருங்கள். தையல் ஓரத்தை 2 சென்ரிமீற்றராக விட்டு, வெட்டிய உடனேயே ஓரத்தைச் சிக்சாக் போடுங்கள் அல்லது கையால் சுற்றித் தையுங்கள். 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று வைத்தால், நாளைக்கு அரைச் சென்ரிமீற்றர் குறைந்திருக்கும்.

நாடாவுக்குத் துணியைப் பாவு ஓடும் திசையில், அதாவது கரைக்கு இணையாக, 4 சென்ரிமீற்றர் அகலத்தில் வெட்டுங்கள். இரு விளிம்பையும் நடுவுக்கு மடித்து, மறுபடி நடுவால் மடித்தால் 1 சென்ரிமீற்றர் நாடா வரும். இரு விளிம்பிலும் ஒவ்வொரு தையல் ஓட்டுங்கள். ஊடைத் திசையில் வெட்டிய நாடா சற்றுத் தொய்யும். சரிவாக வெட்டியதோ இழுக்க இழுக்க நீண்டுகொண்டே போகும். தட்டை நாடாவுக்கு மடிப்பின் உள் அகலம் நாடாவைவிட 3 அல்லது 4 மில்லிமீற்றர் மட்டும் கூடட்டும். அதிகம் விட்டால் நாடா உள்ளே முறுகிக்கொள்ளும். உருண்டைக் கயிறு முறுகாது; அதற்கு விட்டத்தைப் போல மூன்று மடங்கு அகலம் விட்டால் சுகமாக ஓடும். 5 மில்லிமீற்றர் கயிற்றுக்கு 1.5 சென்ரிமீற்றர்.

சாரத்தின் கரைப்பகுதி கிடைத்தால் வீணாக்காமல் பையின் மேல் விளிம்பாக அதை வைத்து வெட்டுங்கள். கரை பிரியாது, முதல் 1 சென்ரிமீற்றர் மடிப்பும் மிச்சம்.

கேள்வி: உகந்தையிலிருந்து காட்டு வழியாகக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு முதுகில் போடும் சுருக்குப்பை தைத்துக் கொடுக்கிறோம். கயிறு தோளை வெட்டுகிறது என்றும், அடிமூலையில் கயிறு கட்டிய இடம் பிய்ந்துவிட்டது என்றும் சொல்கிறார்கள்.
— மாதர் குழுவினர், திருக்கோவில்

பதில்: நடுக்காட்டில் பை பிய்ந்தால் மாற்றுப் பை கிடையாது. ஆகவே இதை மற்றப் பைகளைப் போல எண்ணித் தைக்க வேண்டாம். முதலில் பாரத்தைக் கணக்குப் பார்ப்போம். தண்ணீர் 5 லீற்றர் என்றாலே 5 கிலோ. அதோடு அரிசி, உடுப்பு, விரிப்பு. அத்தனையும் 5 மில்லிமீற்றர் கயிற்றில் தொங்கினால் தோளில் பதியும் அகலம் அரைச் சென்ரிமீற்றர்தான். 4 சென்ரிமீற்றர் பட்டியாக இருந்தால் அதே பாரம் எட்டு மடங்கு அகலத்தில் பரவும்.

3 கிலோவுக்கு உட்பட்ட பைக்கு வாய் மூடும் கயிறே தோள்கயிறாக இருக்கலாம். அதற்கு மேலென்றால் இரண்டையும் பிரித்துவிடுங்கள்: வாயை மூட ஒரு கயிறு, சுமக்க இரண்டு பட்டி. வாயை மூடும் கயிறு சுமக்கவும் செய்தால், நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் நாடா வாய் இழுபடும்.

பட்டிகளுக்குப் பாடசாலைப் பைக்குப் போடும் நெய்த பட்டி வாங்குங்கள், 3 முதல் 4 சென்ரிமீற்றர் அகலத்தில். மேல் முனைகள் இரண்டையும் பையின் முதுகுப் பக்கத்தில், நாடா மடிப்புக்கு 3 சென்ரிமீற்றர் கீழே, ஒன்றுக்கொன்று 8 சென்ரிமீற்றர் தள்ளி வையுங்கள். உட்பக்கத்தில் அதே இடத்துக்கு 8 × 16 சென்ரிமீற்றர் டெனிம் துண்டொன்று. பட்டியின் முனையைச் சதுரமாகச் சுற்றித் தைத்து, சதுரத்துக்குள் மூலைக்கு மூலை பெருக்கல் குறி போட்டு, அதே வழியாக இன்னொரு தரம் ஓட்டுங்கள். ஊசி 16ஆம் நம்பர், தையல் நீளம் 3 மில்லிமீற்றர். இதைவிட நெருக்கமான தையல் பட்டியில் ஓட்டைகளை வரிசையாகப் போட்டு, முத்திரைத் தாளைக் கிழிப்பது போலக் கிழிய வழி செய்யும்.

அடிமூலை பிய்வதற்குக் காரணம், கண்ணியைச் சரியாக மூலையிலேயே வைப்பது. மூலையில் சீலை நான்கைந்து மடிப்பாகத் தடித்து நிற்பதால் ஊசி தாவும். தையல் விழுந்தது போலத் தெரியும், அடியில் நூல் பிடித்திராது. கண்ணியை மூலைக்கு 3 சென்ரிமீற்றர் மேலே பக்கத் தையலுக்குள் வையுங்கள். 8 சென்ரிமீற்றர் பட்டித் துண்டை இரண்டாக மடித்து, 1.5 சென்ரிமீற்றர் தையலுக்குள்ளும் 2.5 சென்ரிமீற்றர் வெளியேயும் நிற்க, மூன்று வரி தையுங்கள். தைத்து முடித்ததும் பையின் உட்புறத்தைத் திருப்பி அடிநூலைப் பாருங்கள். அங்கே நூல் வளையமாகத் தொங்கினால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கத்தான் வேண்டும்.

சிறு பாரத்துக்குக் கயிறே போதும் என்பவர்களுக்கு அளவு: பை அகலம் 35, உயரம் 45 என்றால் ஒரு கயிறு 35-இன் இரட்டிப்பு 70, 45-இன் இரட்டிப்பு 90, முடிச்சுக்கு 20, ஆக 180 சென்ரிமீற்றர். இரண்டுக்கும் 3.6 மீற்றர். முடிச்சு '8' வடிவ முடிச்சாக இருக்கட்டும். சாதாரண முடிச்சு நைலோனில் வழுகிக் கழரும். பொலியஸ்டர் கயிறு கிடைத்தால் அதையே எடுங்கள். கும்புக்கன் ஆற்றைக் கடக்கும்போது நனைந்தால், நைலோன் நீரை உறிஞ்சிச் சற்று நீளும். பொலியஸ்டர் அப்படி நீளாது.

கேள்வி: கித்தான் பைக்கு உலோக வளையம் அடித்து அதனால் கயிறு ஓடவிட்டேன். சில வளையம் கழன்றுவிட்டது, மீதி துருப்பிடித்துச் சீலையில் கறை.
— வாசகர், அக்கரைப்பற்று

பதில்: கடற்காற்று வீசுகிற ஊரில் முலாம் பூசிய இரும்பு வளையம் வேண்டாம். பித்தளை வாங்குங்கள். காந்தம் ஒட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இரும்பு ஒட்டும், பித்தளை ஒட்டாது.

கழன்றதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, ஓட்டையை வளையத்தின் குழலளவுக்கே வெட்டியிருப்பீர்கள். குழலைவிடச் சிறிதாகத் துளைத்து, நெருக்கித்தான் உள்ளே தள்ள வேண்டும். மற்றது, ஒற்றைச் சீலை. வளையம் கடித்துப் பிடிக்கத் தடிப்பு வேண்டும்: இரண்டு மடிப்புக் கித்தானுக்கு நடுவே, சட்டைக் கொலருக்குள் அயன் பண்ணி ஒட்டுகிற சீலையில் ஒரு துண்டு. அடித்த பின் விரலால் திருகிப் பாருங்கள். வளையம் சுழன்றால் இன்னும் பிடிக்கவில்லை. துருக்கறைக்கு தேசிக்காய்ப் புளியும் உப்பும் பூசி வெயிலில் வைத்து அலசலாம். வெள்ளைச் சீலைக்கு மட்டும், நிறச் சீலை வெளுத்துவிடும்.

கேள்வி: 5 கிலோ அரிசியும் விதைநெல்லும் போட்டுவைக்கும் பைகள் தைக்கிறோம். பக்கத் தையலால் மணி சிந்துகிறது. இரட்டைத் தையல் போட்டால் நாடாவுக்கு வாய் விட முடியவில்லை.
— வாசகர், சம்மாந்துறை

பதில்: நல்ல கேள்வி. ஓரம் உள்ளே மறைகிற பிரெஞ்சுத் தையலும் பக்கத்தில் விடும் திறப்பும் ஒன்றோடொன்று ஒத்துவராது. வழி என்னவென்றால், திறப்பே விடாதீர்கள். பையின் உடலை மேல்வரை மூடித் தைத்துவிட்டு, நாடா ஓட வெளிப்பக்கத்தில் தனிப்பட்டி வையுங்கள். இழுவை முழுதும் பட்டிக்குப் போகும். பட்டி தேய்ந்தால் அதை மட்டும் பிரித்துப் புதிதாக வைக்கலாம். பாரமான பைகளுக்கு இதைவிட நிலைத்து நிற்கும் முறை இல்லை என்பதே எங்கள் எண்ணம்.

துண்டு இரண்டும் 33 × 50 சென்ரிமீற்றர். பட்டி இரண்டும் 32 × 4.5 சென்ரிமீற்றர். பட்டியின் குறுகிய முனைகளை 1 சென்ரிமீற்றர் வீதம் இரண்டு தரம் மடித்துத் தையுங்கள். நீளம் 28 ஆகும். நீண்ட விளிம்புகளை 1 சென்ரிமீற்றர் உள்ளே அழுத்துங்கள். துண்டுகள் இன்னும் தட்டையாக இருக்கும்போதே, மேல் விளிம்பிலிருந்து 9 சென்ரிமீற்றர் கீழே, நடுவாக வைத்து, மேல் கீழ் விளிம்புகளை மட்டும் 2 மில்லிமீற்றர் உள்ளே தையுங்கள். முனைகள் திறந்திருக்கட்டும். நான்கு மூலையிலும் நெருக்கமாக ஐந்தாறு தரம் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். பிய்வதானால் முதலில் பிய்வது அந்த மூலைகள்.

பிறகு பக்கங்களும் அடியும். நல்ல பக்கம் வெளியே இருக்க 6 மில்லிமீற்றரில் ஒரு தையல். ஓரத்தைக் கத்தரித்து, திருப்பி, 9 மில்லிமீற்றரில் மறு தையல். முதல் தையலின் நூல்முனை ஒன்றுகூட வெளியே எட்டிப்பார்க்கக் கூடாது. மேல் விளிம்பை 1 சென்ரிமீற்றரும் 2 சென்ரிமீற்றரும் மடித்துச் சுற்றித் தையுங்கள். 80 சென்ரிமீற்றர் கயிறு இரண்டு. சேப்டி பின்னைக் கயிற்று முனையில் குத்தி முன்பட்டி, பின்பட்டி என்று ஓட்டி, தொடங்கிய பக்கத்திலேயே வெளியே எடுங்கள்.

5 கிலோ அரிசி சுமார் 6 லீற்றர் இடம் பிடிக்கும். இந்தப் பை பாதிக்குச் சற்று மேல் நிரம்பும். அதுவே சரி. கழுத்துக்குப் 15 சென்ரிமீற்றராவது வெறுமையாக இருந்தால்தான் வாய் நெருங்கி மூடும். கயிற்றில் பிடித்துத் தூக்க வேண்டாம் என்று வாங்குகிறவர்களுக்கும் சொல்லுங்கள். பக்கத் தையலில் ஒரு கைப்பிடி வைத்துக் கொடுத்தால் சொல்லவே தேவையில்லை. மாரி காலத்தில் பையைச் சீமெந்துத் தரையில் வைக்காமல் பலகையில் வைக்க வேண்டும். அடித்தையல்தான் முதலில் பூஞ்சணம் பிடிக்கும்.

கேள்வி: 250 கிராம் மரமுந்திரிகைப் பருப்பு விற்பதற்கு நூறு சிறு பைகள் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நாடா இழுக்கும் பை. சீக்கிரம் தைக்க வழி? மாதிரிக்குத் தைத்த இரண்டிலும் நாடா பாதிவழியில் முட்டி நின்றுவிட்டது.
— வாசகி, வாழைச்சேனை

பதில்: நாடா முட்டியது ஏனென்று ஊகிக்க முடிகிறது. மேல் மடிப்பை முதலில் தைத்துவிட்டு, பிறகு பக்கத் தையலை மேல்வரை ஓட்டியிருப்பீர்கள். அந்தத் தையல் மடிப்பின் குழலைக் குறுக்கே அடைத்துவிடும். அவசரத்தில் எல்லோருக்கும் நடக்கிற பிழை.

ஒவ்வொரு பைக்கும் 15 × 40 சென்ரிமீற்றர் ஒரே துண்டு. அடியில் தையல் வராது, மடிப்புத்தான். துண்டை இரண்டாக மடித்து, வாய் வராத பக்கத்தை மட்டும் 1 சென்ரிமீற்றர் ஓரம் விட்டு மேல்வரை தையுங்கள். நூறையும் நூலை வெட்டாமல் ஒன்றன்பின் ஒன்றாக, மாலை கோர்ப்பது போல ஓட்டிவிட்டு, கடைசியில் கத்தரியுங்கள். நேரமும் நூலும் மிச்சம். பிறகு மற்றப் பக்கத்து இரண்டு விளிம்பிலும் மேலிருந்து 6 சென்ரிமீற்றர் நீளத்துக்கு, 5 மில்லிமீற்றர் வீதம் இரண்டு தரம் மடித்துத் தையுங்கள். கீழே அந்த மடிப்பு மெல்லச் சரிந்து மறையட்டும். இப்போது மேல் விளிம்பு 26 சென்ரிமீற்றர் நீளமாக ஒரே கோட்டில் விரியும். அதை 1 சென்ரிமீற்றரும் 1.5 சென்ரிமீற்றரும் மடித்து ஒரே ஓட்டமாகத் தையுங்கள். கடைசியாகத் திறந்த பக்கத்தை அடியிலிருந்து தைத்து, மடிப்புத் தையலுக்கு 5 மில்லிமீற்றர் கீழே நிறுத்தி, அங்கே ஐந்து தரம் முன்னும் பின்னும்.

112 சென்ரிமீற்றர் அகலச் சீலையில் குறுக்காக 7 துண்டு விழும். 15 வரிசைக்கு 6 மீற்றர். 105 துண்டு கிடைக்கும். சுருங்குவதற்கும் சேர்த்து ஆறரை மீற்றர் வாங்குங்கள். நாடா பைக்கு 42 சென்ரிமீற்றர், நூறுக்கு 42 மீற்றர். பருப்பை நேரே சீலைக்குள் போட வேண்டாம். எண்ணெய் ஊறிக் கறை பிடிக்கும், பருப்பும் நமத்துப்போகும். உணவுக்குரிய உறையில் அடைத்து அதைப் பைக்குள் வையுங்கள்.

சிறு கேள்விகள்

*துவைத்தால் நாடா உள்ளே போய்விடுகிறது (ஏறாவூர்).* நாடா வெளியே வரும் வாய்க்கு நேர் எதிர்ப் பக்கத்தில், மடிப்போடு நாடாவையும் சேர்த்து ஒரு சென்ரிமீற்றர் தையுங்கள். பை முன்போலவே சுருங்கும். நாடா எங்கும் போகாது. துவைக்கப் போடும்போது முனைகளைச் சேர்த்து ஒரு முடிச்சுப் போடுவதும் நல்லது.

*கயிற்று முனையை நெருப்பில் காட்டலாமா? (பொத்துவில்)* நைலோனும் பொலியஸ்டரும் உருகி ஒட்டும். சுடரின் ஓரத்தில் ஒரு கணம் காட்டினால் போதும், சூடாக இருக்கும்போது விரலால் தொடக்கூடாது. பருத்தி உருகாது, எரியும். பருத்திக் கயிற்றுக்கு முனையிலிருந்து 1 சென்ரிமீற்றரில் நூலை இறுக்கிப் பத்துச் சுற்றுச் சுற்றி, ஊசியால் கயிற்றின் நடுவே இரண்டு தரம் குத்தி முடியுங்கள்.

*பழைய ஜீன்ஸில் தைத்த பையின் வாய் முழுதாக மூடவில்லை, நடுவில் துளை (கல்முனை).* தடித்த துணி சுருக்கத்துக்கு இடம் கொடுக்காது. எவ்வளவு இழுத்தாலும் நடுவில் விரல் போகும் அளவு துளை நிற்கும். உடலை ஜீன்ஸில் விட்டு, மேலே 12 சென்ரிமீற்றருக்கு மெல்லிய பருத்தித் துணி சேர்த்து, நாடா மடிப்பை அதில் வையுங்கள்.

*பழைய பருத்திச் சேலை தாங்குமா? (ஆரையம்பதி)* இரண்டு கைப் பெருவிரலாலும் பிடித்துப் பாவு வழியிலும் ஊடை வழியிலும் வெடுக்கென்று இழுங்கள். பொருபொருவென்று கிழிந்தால் உட்சீலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முந்தானையும் கரையும் பெரும்பாலும் உடலைவிட நன்றாக இருக்கும். அங்கிருந்து வெட்டிப் பாருங்கள்.

*மூன்று வயதுப் பிள்ளையின் விளையாட்டுச் சாமான் பைக்கு எவ்வளவு நீளக் கயிறு? (செங்கலடி)* அந்த வயதுக்குக் கயிறே வேண்டாம். கயிறு வளையமாகக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. வாய்க்கு எலாஸ்டிக் போட்டு மடிப்பை மூடித் தைத்துவிடுங்கள்; வாய்ச் சுற்றளவில் பாதி நீளம் எலாஸ்டிக் போதும். பெரியவர்களின் பையையும் தொட்டில் பக்கத்திலோ கட்டில் தலைமாட்டிலோ கொளுவி வைக்காதீர்கள்.